கணிப்பொறியின் அவதானம்

நம் விடுதி அறைகளில் ஏதேனும் ஒன்றினுள் நுழைந்து, மேசைமேல் இருக்கும் கணிப்பொறியைச் சற்றே கவனித்துப் பாருங்கள். ஒரு மூலையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் அறைக்காரர் எழுதும் கட்டுரை. அதன் பின்னால் திறந்து வைத்த பக்கங்கள் பத்துப் பதினைந்து. ஊரிலிருந்து தங்கை அனுப்பிய திருமணப் படங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். இதற்கிடையே, செய்தி வந்திருக்கிறது என்று ஒரு மணியோசை. இவ்வளவையும் அந்தப் பொறி ஒரே நேரத்தில் செய்கிறது என்றுதான் யாரும் சொல்வர். பொருளியல் பயிலும் நண்பர் ஒருவர் சென்ற திங்கள் என்னைக் கேட்டார்: "இத்தனையையும் அது எப்படி ஐயா பார்க்கிறது? நமக்கு ஒரு புத்தகத்தை ஒழுங்காகப் படித்து முடிக்க இயலவில்லையே!"

நல்ல கேள்வி. அவர் எதிர்பாராத விடை ஒன்று அதற்கு உண்டு. பொறி இவற்றை ஒரே நேரத்தில் செய்வதில்லை; மாறி மாறிச் செய்கிறது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, யார் ஆணையால் நிகழ்கிறது, அது பிசகினால் யாருக்கு இழப்பு என்பவற்றை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே சொல்ல விரும்புகிறேன். கணிதமும் மின்னியலும் படியாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய வித்தையன்று. அவதானம் என்னும் கலையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எட்டு வகைச் செயல்களை ஏற்பவர் அட்டாவதானி. நூறு ஏற்பவர் சதாவதானி. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். அவதானியைச் சுற்றிப் பலர் அமர்ந்திருப்பர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். ஒருவர் பெருக்கல் கணக்கு ஒன்றைப் போடுவார். பின்னாலிருந்து ஒருவர் முதுகில் சிறு கற்களை ஒவ்வொன்றாக எறிவார். இன்னொருவர் தமக்குத் தோன்றியபோதெல்லாம் மணியடிப்பார். அவதானி வெண்பாவில் ஓர் அடி சொல்லி நிறுத்துவார். காயை நகர்த்துவார். கணக்கில் ஒரு படி முன்னேறுவார். மணி ஒலித்தால் மனத்துக்குள் ஒன்று கூட்டிக்கொள்வார். பிறகு வெண்பாவுக்குத் திரும்பி, விட்ட சீரிலிருந்து அடுத்த அடியைத் தொடங்குவார். எந்தக் கணத்திலும் அவர் ஈடுபட்டிருப்பது ஒரு செயலில்தான். அவர் திறமையெல்லாம், விட்ட இடத்தை விட்டபடியே நினைவில் வைத்திருப்பதில் அடங்கியிருக்கிறது.

கணிப்பொறியின் வித்தையும் இதுவே. ஆனால் அதற்கு நினைவாற்றல் வரமாக வந்ததில்லை, எழுதி வைத்துக்கொள்கிறது.

கணிப்பொறியின் நடுவே செயலி என்னும் உறுப்பு இருக்கிறது. நிரல் என்பது அதற்கு இடும் ஆணைகளின் வரிசை. செயலி ஒவ்வோர் ஆணையாக எடுத்து நிறைவேற்றும். அடுத்து நிறைவேற்ற வேண்டிய ஆணை எங்கே இருக்கிறது என்ற குறிப்பும், அப்போதைக்குக் கையில் உள்ள எண்களும் செயலிக்குள்ளேயே பதிவகங்கள் எனப்படும் சில சிற்றறைகளில் இருக்கும். இந்தச் சிற்றறைகளில் உள்ளதை அப்படியே வெளியே படியெடுத்து வைத்துவிட்டால், அந்த நிரலை அந்த நொடியில் உறைய வைத்துவிட்டோம் என்று பொருள். ஒரு நாள் கழித்துப் படியை மீண்டும் சிற்றறைகளில் இட்டால், இடையில் ஒரு நாள் போயிற்று என்பதை அறியாமலேயே நிரல் தன் வேலையைத் தொடரும்.

இப்போது மணியடிப்பவர் வருகிறார். பொறிக்குள் ஒரு கடிகை உண்டு. அது குறித்த இடைவெளியில் செயலியைத் தட்டும். தட்டியவுடன் செயலி கையிலுள்ள நிரலை விட்டுவிட்டு, இயங்குதளம் எனப்படும் மேற்பார்வையாளனிடம் செல்லும். லினக்சு, விண்டோசு, ஆண்ட்ராய்டு என்று நாம் கேள்விப்படுபவை இத்தகைய மேற்பார்வையாளர்களே. மேற்பார்வையாளன் முதலில் பதிவகங்களைப் படியெடுத்து வைப்பான். காத்திருப்போர் வரிசையைப் பார்ப்பான். அடுத்து யார் முறை என்று முடிவு செய்வான். அவருடைய பழைய படியை எடுத்துப் பதிவகங்களில் நிரப்பிவிட்டு விலகிக்கொள்வான். இந்தக் கைமாற்றம் முழுவதற்கும் ஆகும் நேரம் நொடியில் பத்து லட்சத்தில் சில பங்குகளே.

நேரக் கணக்கைச் சற்றே எண்ணிப் பார்த்தால் வியப்புத் தெளியும். நொடிக்கு 300 கோடித் துடிப்புகள் துடிக்கும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நிரலுக்கு நொடியில் ஆயிரத்தில் 3 பங்கு நேரம் கொடுத்தால், அதற்குள் 90 லட்சம் துடிப்புகள். கண் இமைக்க நாம் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் பல நிரல்கள் மேடைக்கு வந்து தம் பங்கை ஆற்றிவிட்டுப் போய்விடும். நமக்கு எல்லாம் ஒன்றாக நடப்பதாகத் தோன்றுகிறது.

"பாட்டு மட்டும் அறுபடாமல் கேட்கிறதே, அதற்கு யார் முறை கொடுக்கிறார்கள்?" என்று பொருளியல் நண்பர் மடக்கினார். அதற்கும் விடை உண்டு. குறுவட்டுத் தரத்தில் உள்ள இசை என்பது தடம் ஒன்றுக்கு நொடிக்கு 44,100 எண்கள். பாட்டு நிரல் தன் முறை வரும்போது, எடுத்துக்காட்டாக, தடம் ஒன்றுக்கு 4,410 எண்களை ஒரு தொட்டியில் நிரப்பிவிட்டுப் போகும். ஒலிக்கருவி அத்தொட்டியிலிருந்து சீராகக் குடித்துக்கொண்டிருக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பாட்டு நிரல் மீண்டும் வந்து நிரப்பினால் போதும். விடுதி மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைப் போல. எப்போதேனும் பாட்டு விக்கினால், தொட்டி வற்றிவிட்டது என்று அறிக. மேற்பார்வையாளன் வேறு எதிலோ மூழ்கிப் பாட்டுக்காரனை அழைக்கத் தாமதித்துவிட்டான்.

இன்றைய பொறிகளில் நான்கு, எட்டு என்று பல செயற்கருக்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன. ஆயினும் எளிய மடிக்கணினியிலேயே நூற்றுக்கணக்கான பணிகள் வரிசையில் நிற்கின்றன. எட்டு நாற்காலிகளுக்கு நூறு பேர் என்றாலும் முறைவைப்பு வேண்டியதே.

இம்முறை இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அத்தலைமுறைப் பொறிகளில் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, அட்டைக் கட்டை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதே உலகெங்கும் வழக்கம். ஒருவர் வேலை முழுதும் முடிந்த பின்னரே அடுத்தவர் வேலை தொடங்கும். அட்டை ஒன்றில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அது மறுநாள்தான் தெரியவரும். பொறியின் நேரம் விலையுயர்ந்தது, மனிதனுடைய நேரம் மலிவு என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

அந்த எண்ணத்தையே கேள்வி கேட்டவர் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் ஜான் மெக்கார்த்தி. ஒரே பொறியைப் பலர் தத்தம் இடத்திலிருந்தே ஒரே வேளையில் பயன்படுத்தலாம் என்று 1959 சனவரியில் ஒரு குறிப்பு எழுதினார். இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ்டபர் ஸ்டிரேச்சியும் அதே ஆண்டில் நேரப் பங்கீடு பற்றிக் கட்டுரை வழங்கினார். அதைச் செய்து காட்டியவர் பெர்னாண்டோ கார்பட்டோ. 1961 நவம்பரில் அவர் குழுவினர், சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை ஐ.பி.எம். 709 பொறியில் இயக்கிக் காட்டினர். ஒவ்வொருவரும் பொறி தமக்கே உரியது என்று எண்ணிக்கொண்டு தட்டெழுத, பொறியோ எல்லாரிடமும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. முறைவைப்பதில் கார்பட்டோ ஒரு நுட்பமும் செய்தார். கேட்டதைச் சட்டென்று முடித்துக்கொண்டு போகும் சிறு வேலைக்கு முன்வரிசை. கொடுத்த நேரம் போதாமல் மேலும் மேலும் கேட்கும் பெரிய வேலை படிப்படியாகப் பின்வரிசைக்குத் தள்ளப்படும், ஆனால் அங்கே முறை வரும்போது நீண்ட நேரம் கிடைக்கும். சிறிய கேள்வியோடு வந்தவனை வாயிலிலேயே நிற்க வைக்கக் கூடாது என்ற பண்பு இதில் இருக்கிறது. நம் அலுவலகங்களில் பலவற்றுக்கு இது இன்னும் எட்டவில்லை. கார்பட்டோவுக்கு 1990-இல் டூரிங் விருது வழங்கினார்கள்.

இனி, மாற்றத்தை யார் ஆணையிடுவது என்பதற்கு வருவோம். என் கருத்தில் பொருளின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நம் மன்றக் கூட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சாளருக்கு ஐந்து நிமிடம் என்று சொல்கிறோம். நாகரிகம் உள்ளவர் தாமே முடித்து உட்காருவார். வேறு சிலர் உண்டு. தலைவர் மணியடிப்பார், "இதோ முடிக்கிறேன்" என்று கூறி மேலும் இருபது நிமிடம் முழங்குவார்கள். பிறகு வருபவர்க்கு மேடை இல்லை, கேட்பவர்க்கு உணவும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் மேசைக் கணிப்பொறிகளில் பல இந்த நிலையில்தான் இருந்தன. 1992-இல் வந்த விண்டோசு 3.1-இல், ஒரு நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்றுக்கு முறை வரும். ஆப்பிள் மெக்கின்டாஷும் 2001-இல் புதிய இயங்குதளம் வரும்வரை ஏறத்தாழ இப்படியே. ஒரு நிரல் தவறுதலாகச் சுழலில் சிக்கிக்கொண்டால் முழுப் பொறியும் கல்லாகிவிடும். பொத்தானை அழுத்தி அணைத்து ஏற்ற வேண்டும். சேமிக்காத கட்டுரை போனது போனதுதான். இதற்கு மாறாக, பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்சு, நிரல்களின் நற்குணத்தை நம்பியிருக்கவில்லை. கடிகை தட்டினால் மேடையை விட்டு இறங்க வேண்டியதுதான். 1995-இல் விண்டோசும் தன் புதுவகை நிரல்களுக்கு இம்முறையைக் கொண்டுவந்தது. தலைவர் மணியடிப்பதோடு நில்லாமல் ஒலிபெருக்கியையும் நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆனால் பேச்சாளரின் வாக்கியம் எந்தச் சொல்லில் நின்றதோ அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் அதே சொல்லிலிருந்து பேச விடுகிறார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எல்லாருக்கும் சமமாக முறை என்பதும் எப்போதும் நியாயம் ஆகாது. 1969 சூலை 20-இல் அப்பலோ 11 நிலவில் இறங்கிய கதையை அறிவீர்கள். அக்கலத்தின் கணிப்பொறிக்கு மாற்றி எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள் மட்டும். இறங்கும் வேளையில், அப்போதைக்குத் தேவைப்படாத ஒரு ரேடாரிலிருந்து வந்த பொய்த் துடிப்புகள் அதன் நேரத்தை உண்டன. வேலைகள் குவிந்தன. 1202, 1201 என்னும் அபாய எண்கள் பலமுறை ஒளிர்ந்தன. ஹால் லேனிங் என்பவர் வகுத்திருந்த முறைப்படி, அந்தப் பொறியில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு முதன்மை எண் உண்டு. நெருக்கடியில் பொறி எல்லாவற்றையும் உதறிவிட்டு நொடியில் மீண்டெழுந்து, கலத்தை இறக்கும் பணிகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. முதன்மை குறைந்தவற்றைக் கைவிட்டது. எதை விட்டுவிடலாம் என்பதை முன்கூட்டியே எண்ணி எழுதி வைத்திருந்ததால் இருவர் உயிரோடு நிலவில் இறங்கினர்.

முதன்மை எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1997 சூலை 4-ஆம் நாள் பாத்பைண்டர் என்னும் கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணிப்பொறி தன்னைத்தானே அணைத்து அணைத்து ஏற்றிக்கொள்ளத் தொடங்கியது. காரணத்தை ஓர் உவமையால் சொல்கிறேன். ஒரு கல்லூரி முதல்வர்க்கு அலமாரிச் சாவி உடனே வேண்டும். சாவி ஒரு கடைநிலை ஏவலரிடம் இருக்கிறது; ஒரு காகிதத்தை எடுத்துவிட்டு அவர் கொடுத்துவிடுவார். ஆனால் இடைநிலை அலுவலர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, "ஒதுங்கி நில்" என்று ஏவலரை நிறுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்கள். ஏவலர் வேலை முடியவில்லை, சாவியும் வரவில்லை. முதல்வர் தமக்குக் கீழுள்ளவர்களுக்காகக் காத்துக் கிடக்கிறார்! செவ்வாயில், வானிலை அளக்கும் சிறு பணி ஏவலராகவும், செய்திப் போக்குவரத்துப் பணி இடைநிலை அலுவலராகவும், தரவுப் பாதையை ஆளும் தலைமைப் பணி முதல்வராகவும் அமைந்துவிட்டன. தலைமைப் பணி தன் வேலையை முடிக்காததைக் கண்ட காவல் கடிகை, பொறியை அணைத்து ஏற்றியது.

இதற்கு மருந்து முன்பே இருந்தது. சாவி வைத்திருக்கும் ஏவலர்க்கு, சாவியைக் கொடுக்கும் வரை, அதற்காகக் காத்திருக்கும் முதல்வரின் தகுதியையே இரவலாகக் கொடுத்துவிட வேண்டும். அப்போது இடையில் வருபவர் யாரும் அவரை ஒதுக்க முடியாது. முதன்மை மரபுரிமை என்று இதைத் தமிழில் சொல்லலாம். இதை முறையாக ஆராய்ந்து நிறுவிய 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் மூவர்: லூயி ஷா, இரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெகோட்ஸ்கி. இவர்களுள் ராஜ்குமார் 1984-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர். பூமியிலிருந்த பொறியாளர்கள் கலத்தின் இயங்குதளத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்த அந்த ஏற்பாட்டைச் செயற்படுத்தும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர், கோளாறு நின்றது. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவர் பங்கேற்ற கருத்துச் செவ்வாயில் ஒரு பொறியைக் காத்தது என்பதை நம் மன்ற ஏட்டில் பதிவு செய்யாமல் வேறு எங்கே செய்வது?

நிலவையும் செவ்வாயையும் விட்டுக் கைப்பேசிக்கு வருவோம். இங்கே நெருக்கடி செயலியில் அதிகம் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. மாறி மாறி உழைக்க வேண்டுமானால், காத்திருக்கும் பணிகளின் பொருள்கள் எல்லாம் நினைவகத்தில் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால், பழைய பொறிகள் சிலவற்றை வட்டுக்கு அனுப்பிவிட்டுத் தேவையானபோது திரும்பக் கொணரும். இப்படி அனுப்புவதும் கொணர்வதுமே முழுநேரத் தொழிலாகி, உண்மையான வேலை ஒன்றும் நடவாமல் போகும் நிலையைப் பீட்டர் டென்னிங் 1968-இல் விளக்கினார். கைப்பேசிகள் பெரும்பாலும் வேறு வழியை மேற்கொள்கின்றன. முன்னால் இல்லாத நிரலை அவை அப்படியே கொன்றுவிடுகின்றன. கொல்லுமுன் நீதி ஒன்று உண்டு. நிரல் பின்னுக்குப் போகும்போதே, "உன் நிலையைக் குறித்து வைத்துக்கொள்" என்று ஆண்ட்ராய்டு அதற்கு ஒரு வாய்ப்பு அளிக்கிறது. குறித்து வைத்த நிரல், நாம் திரும்பி வரும்போது ஒன்றும் நடவாததுபோல் அதே பக்கத்தில் எழுந்து நிற்கும். எழுதியவர் அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டிருந்தால் வெற்றுப் பக்கம்தான்.

என் அறைத்தோழர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்த கதை இது. கடைசி நாள். அவருடையது நினைவகம் குறைந்த பழைய கைப்பேசி. பெயர், மதிப்பெண், தந்தையார் வருமானம், 300 சொற்களில் ஒரு விளக்கம் என்று முக்கால் மணி நேரம் நிரப்பினார். இறுதியில் ஒரு குறியீட்டு எண் குறுஞ்செய்தியாக வரும் என்றது பக்கம். செய்திப் பெட்டிக்குப் போனார், எண்ணைப் பார்த்தார், திரும்பினார். விண்ணப்பம் வெறுமையாக இருந்தது. மீண்டும் நிரப்பினார், மீண்டும் அதே கதி. மூன்றாம் முறை என் கைப்பேசியில் நிரப்பி, நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அனுப்பினோம். என்னுடையதில் நினைவகம் அதிகம். ஆகவே பக்கம் உயிரோடிருந்தது.

இதில் அவர் தவறு எதுவும் இல்லை. பொறி தன்னால் இயன்றதைச் செய்தது. அந்தப் பக்கத்தை வகுத்தவர்கள் நினைவகம் மிகுந்த விலையுயர்ந்த கருவியில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். உதவித்தொகை யாருக்கு வேண்டும்? விலையுயர்ந்த கருவி யாரிடம் இருக்கும்? வேறு பக்கத்துக்குப் போய் எண்ணைப் பார்த்து வா என்று கட்டளையிடுபவர்களே, போய் வருவதற்குள் எழுதியதைக் காப்பாற்றி வைக்காமல் விடுவது கொடுமை. ஒவ்வொரு கட்டம் நிரம்பியவுடன் அதைச் சேமித்துக்கொள்ளும் வழி நெடுங்காலமாக இருக்கிறது, கடினமானதும் அன்று. நம்மிடையே நிரல் எழுதக் கற்கும் நண்பர்கள் பலர் நாளை இத்தகைய பக்கங்களை எழுதப் போகிறவர்கள். இடையில் எழுந்து போனவன் திரும்பி வருவான் என்பதை எண்ணி எழுதுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை மற்றவர்கள் நீண்ட விடைகளைத் தனியே ஒரு குறிப்பில் எழுதிச் சேமித்துவிட்டுப் பிறகு பக்கத்தில் ஒட்டுங்கள். குறியீட்டு எண்ணையும், செய்திப் பெட்டிக்குப் போகாமல், திரையின் மேற்புறத்தில் தோன்றும் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

நண்பரின் கேள்வியில் பாதி மிச்சம் இருக்கிறது: நமக்கு ஏன் இயலவில்லை? ஒன்றை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போனால், கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009-இல் எழுதினார். பொறிக்குப் பதிவகங்களைப் படியெடுக்கும் வசதி உண்டு. நமக்கு அது இல்லை. செய்குத்தம்பிப் பாவலர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நான் செய்வது இவ்வளவே: படிப்பை நிறுத்தி எழும்போது, அடுத்து எந்தப் பத்தி, என்ன ஐயம் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு எழுகிறேன்.

மேலே சொன்னதில் ஐயம் உடையவர்கள் தாமே சோதித்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் லினக்சுப் பொறி ஒன்றின் முன் அமர்ந்து, ஆணைச் சாளரத்தில் வி.எம்.ஸ்டாட் என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் புள்ளியின்றிச் சேர்த்து எழுதி, ஓர் இடம் விட்டு 1 என்று இட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு வரியாக எண்கள் ஓடும். முதல் வரியை விட்டுவிடுங்கள். அது பொறியை ஏற்றியது முதலான சராசரி. சி.எஸ். என்னும் தலைப்பின் கீழ் வருவது, அந்த நொடியில் எத்தனை முறை வேலை கைமாறிற்று என்னும் கணக்கு. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது நின்றுவிடாது. பிறகு ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அதே எண்ணை மறுபடியும் பாருங்கள்.